ஸ்கேனருக்கு வாய் போன சனிக்கிழமை

மைக் அக்காவின் கணக்குப்படி உலகத்தில் முக்கால்வாசிப் பேர் முட்டாள்கள். மிச்சமிருக்கும் கால்வாசியில் பாதிப் பேர் சோம்பேறிகள், பாதிப் பேர் அவளுடைய சொந்தக்காரர்கள். டாக்ஸி கம்பெனியின் ரேடியோ அறையில் இருபத்தாறு வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் டிரைவர்களை மேய்த்தவள் வேறு எந்த முடிவுக்கு வருவாள்? ‘கேக்குதா?’ என்று அவள் கேட்டால் மூன்று எண்ணுவதற்குள் ‘கேக்குது’ என்று பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த ஆளுக்கு அன்றைக்குச் சவாரி கிடையாது. கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாதவன் மனுஷனே இல்லை என்பாள். பேசி முடித்து ‘ஓவர்’ சொல்லாமல் விட்டவன் பாடு இன்னும் மோசம். மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் பத்துத் தடவை ‘ஓவர்’ சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும். அவளைவிட மூத்த டிரைவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு எப்படிக் கூப்பிடத் துணிச்சல் வரும்!

ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ரேடியோவை மூடிவிட்டு எல்லாவற்றையும் செல்போனுக்கு மாற்றியது. “இனிமே போனைத் தடவினா வண்டி வருமாம். தடவட்டும், தடவட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். வரும்போது ஒரே ஒரு பொருளைத்தான் கேட்டு வாங்கி வந்தாள். பழைய ஸ்கேனர். செங்கல் அளவு கறுப்புப் பெட்டி, தலையில் ஒரு ஏரியல். அதில் பேச முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். ஏற்றிவைத்த சேனல்களில் ஒவ்வொன்றாக ஓடி எட்டிப் பார்க்கும். எங்கே பேச்சு நடக்கிறதோ அங்கே நின்று ஒலிக்கும். அவளுக்குத் தெரிந்து இந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற ஜீவன் அது ஒன்றுதான்.

அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊமையாகிவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதைச் சாப்பாட்டு மேஜையில் குப்புறப் போட்டு நாலு ஸ்க்ரூவைக் கழற்றும்போது அக்கா கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் இது வாயைத் திறந்தாக வேண்டும். இன்றைக்கு விட்டால் பிறகு கிடையாது.

விஷயம் இதுதான். ஸ்கேனரின் பன்னிரண்டாம் சேனல் துறைமுகத்துடையது. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வரும் இழுவைப் படகுகள் அதில் பேசும். மூன்றாம் நம்பர் இழுவைப் படகை ஓட்டுகிறவள் அக்கா பெற்ற ஒரே பெண்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் பரீட்சை பாஸ் செய்துவிட்டு, வேலை கிடைத்த காகிதத்தை இதே மேஜையில் வைத்தாள். அக்கா அதைப் படிக்கக்கூட இல்லை. “ஊர்ல வேற வேலையே இல்லையா? மலை மாதிரி கப்பலுக்கு முன்னால கொசு மாதிரி போய் நிக்கப் போறியா? மூணே மாசம். அழுதுக்கிட்டு வந்து நிப்ப. அப்போ நான் கதவைத் திறக்க மாட்டேன், பார்த்துக்கோ” என்றாள். பெண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று மாசம் போனது. ஆறு மாசம் போனது. அழுதுகொண்டு ஒருத்தரும் வரவில்லை. அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. பெண் ஜெயித்ததைக்கூட மன்னித்துவிடலாம், தான் சொன்னது நடக்காமல் போனதை எப்படி மன்னிப்பது? “அவ பேச்சை இந்த வீட்டில எடுக்கக் கூடாது” என்று புருஷனுக்கு உத்தரவு போட்டாள்.

உத்தரவு போட்ட கையோடு துறைமுகத்துச் சேனலை ஸ்கேனரில் ஏற்றியவளும் அவள்தான். ஐந்தரை மணிக்குப் புருஷன் தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பியதும் ஸ்கேனரை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். ‘என்ன கேக்குற?’ என்று அவர் ஒருநாள் கேட்டபோது, ‘டாக்ஸிச் சத்தம் கேக்காம எனக்குப் பொழுது போகலை’ என்றாள். அந்த மனுஷனும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு என்ன தெரியும், பாவம்!

பாசத்தில் கேட்கிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கவே வந்திருப்பாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டாள். அவசரப்படுகிறாள் பார், மூச்சு வாங்குகிறது பார், கடைசி வார்த்தையை முழுங்குகிறாள் பார் என்று திட்டித் தீர்ப்பாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு எரிச்சல் மூட்டியது ஆறு மணிக்கு வேலை முடிந்து பெண் கொடுக்கும் தகவல். “ஹார்பர், இழுவை மூணு. கயிறு கட்டியாச்சு. எஞ்சின் நிறுத்தியாச்சு. சாப்பிட்டாச்சு. ஓவர்.” தினமும் இதேதான். ‘சாப்பிட்டாச்சாம்! எவன் கேட்டான் உன்னை? இது என்ன வேலை செய்யுற சேனலா, சாப்பாட்டுக் கடையா?’ என்று அக்கா ஸ்கேனரைப் பார்த்துக் கத்துவாள். கத்திவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைப்பாள். அது வரும்வரை அடுப்பைப் பற்றவைத்ததில்லை என்பதை அவளே கவனித்ததில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை துறைமுகத்துக்காரன் சேனலில் கிண்டல் செய்தான். “என்ன இழுவை மூணு, சனிக்கிழமையோட எங்களுக்குக் கும்பிடு போட்டுட்டுப் பெரிய துறைமுகத்துக்குப் போறீங்களாமே!” பெரிய துறைமுகம் ஐந்நூறு கிலோமீட்டர். இந்த ஸ்கேனரின் காது நாற்பதைத் தாண்டாது. ஆக, இன்றைக்கு ஆறு மணிக்கு வருவதுதான் கடைசி.

முதலில் பவர். ஸ்விட்சைப் போட்டாள். திரை எரிந்தது, எண்கள் ஓடின. பன்னிரண்டில் நின்றன, இரண்டு மூன்று விநாடி கழித்து மறுபடி ஓடின. அப்படியென்றால் ஏரியல் சரி, உள்ளே பேச்சு வந்து சேர்கிறது. இரைச்சலை அடக்கும் குமிழை முழுக்கத் திறந்தாள். உயிரோடு இருக்கிற ரேடியோ அப்போது ‘உஸ்ஸ்’ என்று சீற வேண்டும். மூச்சே இல்லை.

“காது இருக்கு, வாய்தான் போச்சு” என்றாள்.

“சரியாயிடுமா?” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. தையல்காரர். அதாவது அவள் புருஷன். முன்னறையில் மிஷின் போட்டு, ஏதோ தொழிற்சாலைக்காரர்களுக்கு ஒரு மாசமாக நீலச் சட்டையாகத் தைத்துத் தள்ளுகிறார். இன்றைக்குக் காலையிலிருந்து மிஷின் சத்தத்தைக் காணோம்.

“நீங்க உங்க காஜாவைப் பாருங்க. இது ஒண்ணும் பித்தான் தைக்கிற வேலை இல்ல.”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

“நேத்து மத்தியானம் ரெண்டு நிமிஷம் கண்ணசந்தேன், கத்திரிக்கோலைக் கீழ போட்டு எழுப்பிவிட்டீங்க. இன்னிக்காவது சும்மா இருங்க.”

அவர் சும்மா இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் நன்றாகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான் என்பது அக்காவின் அபிப்பிராயம்.

பதினொரு மணிக்கு அவள் தம்பி வந்தான். செல்போனுக்கு உறை விற்கிற கடை வைத்திருக்கிறான். நாலு வீடியோ பார்த்துவிட்டு நாசாக்காரன் மாதிரி பேசுவான். வந்ததும் வராததுமாக மேஜையை எட்டிப் பார்த்து, “ஐயோ அக்கா, இந்தக் காலத்துல இதைப் போய் நோண்டிக்கிட்டு இருக்கியா? ஆப் இருக்கு அக்கா. நான் இறக்கித் தர்றேன்” என்றான்.

“உன் ஆப்பை நீயே வெச்சுக்கோ. கையை எடு.”

“சரி, இதையே பார்க்கலாம். கெபாசிட்டர்தான் போயிருக்கும். எல்லா வீடியோவுலயும் அதான் சொல்றாங்க.”

“எல்லா வீடியோவுலயும் என் ஸ்கேனரா வருது?”

அவன் அடங்குகிற ஆளா? பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். “இதோ பாரு, பின்னாடி ரீசெட் ஓட்டை! மாமா, ஒரு குண்டூசி குடுங்க. ஒரே அமுக்கு, புதுசு மாதிரி ஆயிடும்.”

மாமா குண்டூசியை நீட்டினார். அக்கா பாய்ந்து பிடுங்கினாள். “அறிவு இருக்கா ரெண்டு பேருக்கும்? அதை அமுக்கினா ஏத்தி வெச்ச சேனல் பூராவும் அழிஞ்சு போயிடும்! நோய்க்கு மருந்து கேட்டா ஆளையே குழி தோண்டிப் புதைக்கச் சொல்றான் இந்த மேதாவி!”

தையல்காரர் முகம் வெளுத்துப்போனது. “அழிஞ்சிடுமா? பன்னெண்டும் அழிஞ்சிடுமா?” என்றார்.

“பன்னெண்டு என்ன, நூறும் அழிஞ்சிடும்” என்றாள். கோபத்தில் இருந்ததால் அவர் கேட்டது அவள் காதில் சரியாக விழவில்லை. இருபத்தாறு வருஷம் காதால் பிழைத்தவள் அன்றைக்குக் கோட்டை விட்டாள்.

தம்பி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான். ‘நல்லது சொன்னா பிடிக்காது’ என்றது படிக்கட்டிலிருந்து கேட்டது. நல்லதாம்!

அடுத்து ஸ்பீக்கர். அதன் இரண்டு ஒயரையும் ஒரு சின்ன பாட்டரியில் தொட்டாள். ‘டொக்’ என்றது. தேவலை, ஸ்பீக்கர் சாகவில்லை. வால்யூம் குமிழைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். பலனில்லை. மணி ஒன்றாகிவிட்டது. தம்பி சொன்னதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது என்று இருந்தவள், வேறு வழி தெரியாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக் கெபாசிட்டரையே மாற்றினாள். கண்ணாடியை இரண்டு தடவை துடைத்து, விரலை ஒரு தடவை சுட்டுக்கொண்டு, பழைய உதிரிகள் போட்டுவைத்த பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து ஒன்றைத் தேடியெடுத்து வைப்பதற்குள் மூன்று மணி. ஸ்விட்சைப் போட்டாள். எண்கள் ஓடின, பன்னிரண்டில் நின்றன. பேச்சு மூச்சில்லை.

பன்னிரண்டில் அது நிற்கும்போதெல்லாம் அவள் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தாள். அங்கே பெண் பேசிக்கொண்டிருக்கிறாள். இங்கே பெட்டி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேட்டதைச் சொல்ல மாட்டேன் என்கிறது.

“தனக்கு மட்டும் கேட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கு பாரு, அழுத்தக்காரப் பொட்டி!” என்று மேஜையில் ஓங்கி அடித்தாள். ஸ்க்ரூக்கள் துள்ளின.

தையல்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார். கையைப் பிசைந்தார். “மணி நாலாகுது” என்றார்.

“எனக்கும் கடிகாரம் பார்க்கத் தெரியும். உங்களுக்கு என்ன அவசரம்?”

“எனக்கு ஒண்ணும் இல்ல.”

“அப்போ போய்த் தைங்க. முட்டுச் சுவர் மாதிரி நிக்காதீங்க, வெளிச்சம் மறைக்குது.”

அழுகை வருகிற மாதிரி இருந்தது. அழக் கூடாது. அவள் ஒரு சத்தமான மூச்சை விட்டுவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலைக்கு வந்தாள். கம்பெனி ஒர்க்ஷாப்பில் பழைய மெக்கானிக் எப்போதும் சொல்வார்: சத்தம் பிறக்கிற இடத்திலிருந்து சத்தம் வெளியே வருகிற இடம்வரை விரலை வைத்துக்கொண்டே போ, வழி எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே நில். யூகம் பண்ணாதே. அந்த மெக்கானிக்கையும் அவள் முட்டாள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மல்டிமீட்டரை வைத்துத் தொட்டுக்கொண்டே போனாள். வழி இருந்தால் ‘பீப்’ என்று கத்தும். பீப். பீப். இயர்போன் சொருகுகிற ஓட்டைவரை பீப். ஓட்டையைத் தாண்டினால் ஒன்றும் இல்லை.

அந்த ஓட்டைக்குள்ளே மெல்லிய தகடு ஒன்று உண்டு. இயர்போனைச் சொருகினால் தகடு விலகும், ஸ்பீக்கர் அடங்கும். உருவினால் தகடு திரும்பி வந்து ஒட்டும், ஸ்பீக்கர் பேசும். இங்கே தகடு வளைந்து, விலகின வாக்கிலேயே நின்றுவிட்டது. ஸ்கேனர் பாவம், இயர்போன் சொருகியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த வீட்டில் இயர்போனே கிடையாதே! காலையிலிருந்து அந்த ஓட்டையின் பக்கம் அவள் புத்தி போகாததற்குக் காரணமே அதுதான். லென்ஸை எடுத்து உள்ளே பார்த்தாள். தகட்டின் நுனியில் எதுவோ சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியால் மெல்ல இழுத்தாள். அரை விரல் நீளம் வந்தது.

நூல். நீல நூல்.

அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இங்க வாங்க” என்றாள். சத்தமே போடவில்லை. அதனால்தான் தையல்காரர் பயந்துவிட்டார். வந்து நின்று கையிலிருந்த நூலைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“எங்க இருக்கு?”

அவர் முன்னறைக்குப் போனார். பித்தான் டப்பாவைத் திறந்து, அடியில் கையை விட்டு, ஒற்றை இயர்போனை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஒயர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக நூல் பிசிறு.

“எத்தனை நாளா?”

“நீ மத்தியானம் தூங்குற நேரத்துல.”

“எத்தனை நாளான்னு கேட்டேன்.”

“ரெண்டு வருஷமா.”

“அப்போ நேத்து கீழ விழுந்தது கத்திரிக்கோல் இல்லையா?”

“நீ திடீர்னு எழுந்துட்ட. அவசரத்துல உருவினேன். பொட்டி கை நழுவி விழுந்துடுச்சு.”

“டாக்ஸிதானே கேக்குறேன்னு உங்ககிட்ட சொன்னேன்? உங்களுக்கு எப்படி...”

“டாக்ஸிக்காரங்க ரேடியோவை மூடி ஆறு வருஷமாச்சே” என்றார் தையல்காரர். குத்திக்காட்டவில்லை, சும்மா தகவல் சொல்வதுபோலச் சொன்னார்.

அக்காவுக்குக் காது சுட்டது. இரண்டு வருஷமாக அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனது நம்பி இல்லை. தெரியாதவர் மாதிரி, அவளுக்காக! இந்த ஆளையா வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்?

“அவகிட்ட போன்லயும் பேசுறீங்களா?”

“வாரம் ஒரு தடவை. துணி குடுக்கப் போற வழியில.”

“போன்லதான் பேசுறீங்களே, அப்புறம் இதுல என்ன கேக்குறீங்க?”

அவர் யோசித்தார். “போன்ல நம்ம பொண்ணு. இதுல கேப்டன்” என்றார். “அவ்ளோ பெரிய கப்பல்காரன் அவ சொல்றதைக் கேட்டுத் திரும்புறான். அதைக் கேக்கணும்னு ஆசை.”

அக்கா நீல நூலை விரலில் சுற்றினாள். அவர்தான் தொடர்ந்தார். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து இன்றைக்குத்தான் பேசுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். “போன புதுசுல ஒருநாள் கேட்டா, ‘அம்மா என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா’ன்னு. நான் பொய் சொல்லலை. வாயைத் திறந்து கேக்கலை, ஆனா தினமும் ஆறு மணிக்கு உன் சேனலைத் தவறவிட மாட்டா உங்கம்மான்னு சொன்னேன். அடுத்த நாள்ல இருந்துதான் அவ சாப்பிட்டாச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சா.”

எவன் கேட்டான், எவன் கேட்டான் என்று இரண்டு வருஷம் கத்தினாளே, யார் கேட்டிருக்க வேண்டும்? பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த நாளிலிருந்து, வீட்டைவிட்டுப் போன நாளுக்கு முந்தைய நாள்வரை ‘சாப்பிட்டியா?’ என்ற கேள்வியைக் கேட்டது யார்? கேட்காத கேள்விக்கு ஒருத்தி தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு, சேனலை வீணடிக்கிறாள் என்று இவள் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முட்டாள் கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டோம் என்று அக்காவுக்குப் புரிந்தது.

“மணி அஞ்சே முக்கால்” என்றார் அவர்.

“தெரியும். விளக்கைக் கிட்ட பிடிங்க.”

வளைந்த தகடு நிமிர்த்தப் போனால் ஒடிந்துவிடும். அதற்கெல்லாம் நேரமும் இல்லை. அவள் ஒரு துண்டு ஒயரை வெட்டி, ஓட்டையைச் சுற்றிக்கொண்டு நேராக ஸ்பீக்கருக்குப் போகிற மாதிரி இரண்டு பக்கமும் ஈயத்தை உருக்கி ஒட்டினாள். தையல்காரர் ஒயரின் மறுமுனையை அசையாமல் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷம் ஊசியில் நூல் கோத்த விரல், துளி ஆடவில்லை.

“இனிமே இதுல இயர்போன் சொருகினாலும் ஒண்ணுதான், சொருகலைன்னாலும் ஒண்ணுதான். வெளியதான் பேசும்.”

“அப்போ நான்...”

“ஏன், உங்களுக்கு இந்த மேஜையில நாற்காலி இல்லையா? உக்காருங்க.”

உட்கார்ந்தார். அவள் ஸ்விட்சைப் போட்டாள். ‘உஸ்ஸ்’ என்று பெட்டி சீறியது. அதைவிட நல்ல சங்கீதத்தை அவள் கேட்டதில்லை. குமிழைத் திருகி அடக்கினாள். எண்கள் ஓடின. பன்னிரண்டில் நின்றன.

“ஹார்பர், இழுவை மூணு.” குரல் தெளிவாக, நிதானமாக வந்தது. மூச்சு வாங்கவில்லை, ஒரு வார்த்தையையும் முழுங்கவில்லை. இவ்வளவு ஒழுங்காகப் பேச இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? “கயிறு கட்டியாச்சு. எஞ்சின் நிறுத்தியாச்சு. சாப்பிட்டாச்சு.”

கொஞ்ச நேரம் வெறும் காற்றுச் சத்தம்.

“இதுதான் இந்தச் சேனல்ல கடைசி. கேட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்குச் சொல்றேன். கேக்குதா?”

அவ்வளவுதான். ஓவர் இல்லை.

“எங்களுக்கு நல்லாக் கேக்குதும்மா, நல்லபடியா போய்ட்டு வாங்க!” என்று துறைமுகத்துக்காரன் குறுக்கே புகுந்தான். அந்த முட்டாளை யார் கேட்டார்கள்?

ஒன்று. இரண்டு. அக்கா ஸ்கேனரின் பக்கமாகக் குனிந்து, “கேக்குது” என்றாள். பெட்டி பேசாமல் இருந்தது. அதற்குக் கேட்கத்தான் தெரியும், கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாது. இருபத்தாறு வருஷம் மைக்கும் கையுமாக இருந்தவளுக்கு இன்றைக்கு ஒரு மைக் இல்லை.

அவள் கையை நீட்டினாள். “போனைக் குடுங்க. நம்பரைப் போட்டுக் குடுங்க.”

மணி ஒரு தடவைகூட முழுதாக அடிக்கவில்லை. “சொல்லுங்கப்பா” என்றது பெண் குரல். கேப்டன் இல்லை, பெண்தான்.

“கடைசியில ஓவர் சொல்லலை” என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“ஓவர்” என்றாள் பெண்.

“ஆங். இப்போ சொல்றேன். கேக்குது. ரெண்டு வருஷமா கேக்குது.” அக்கா போனைக் காதோடு பிடித்துக்கொண்டே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். “கிளம்புறதுக்கு முன்னால நாளைக்கு வீட்டுக்கு வா.”

“கதவைத் திறப்பீங்களாம்மா?”

“சாப்பிடாம வா” என்றாள் அக்கா. “சாப்பிட்டாச்சுன்னு வந்து நின்னா தெரியும் சேதி.”